கடைசித் தட்டு

லேப் அக்கா என்று கேட்டால்தான் அந்த ஆலையில் ஆள் கிடைக்கும். சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைச் சொல்லித் தேடி வந்தால் வாசல் காவலாளி உதட்டைப் பிதுக்கிவிடுவார். பதினொரு வருடமாக அதே மூலை அறை, அதே வெள்ளைக் கோட்டு, அதே கண்டிப்பு. அவள் தராசில் பொடி நிறுத்துக்கொண்டிருக்கும்போது யாராவது கதவைப் படாரென்று திறந்தால் தீர்ந்தது கதை. காற்றுப் பட்டு எண் ஆடிவிட்டது என்று முதலில் இருந்து நிறுப்பாள், திறந்தவரை அங்கேயே நிற்கவும் வைப்பாள். அந்த அறைப் பக்கம் வந்தால் முதலாளியே பூனை மாதிரி நடப்பார்.

முப்பது பேர் வேலை செய்யும் சின்ன மூலிகை ஆலை. முன்புறம் அலுவலகம், பின்னால் அரைவைக் கூடம், அதை அடுத்துக் கலக்கும் உருளை, கேப்சூல் நிரப்பும் மெஷின், கடைசியில் கண்ணாடிக் கதவு போட்ட இந்த மூலை அறை. இங்கே செய்வதில் நன்றாக ஓடுகிற சரக்கு ஒன்றுதான். ஒருவகை ஆர்க்கிட் செடியின் தண்டிலிருந்து செய்யும் தெம்புக் கேப்சூல். விடியும் முன்னே வேலைக்கு ஓடுகிறவர்களும், உடற்பயிற்சிக் கூடத்தில் இரும்பு தூக்குகிறவர்களும் அதை வாங்கிப் போவார்கள். புட்டியின் மேல் ஊதா நிறப் பூ ஒன்று சிரிக்கும். உள்ளே இருப்பது என்னவோ தண்டுதான், பூவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்தத் தண்டில் ஆல்கலாய்டு என்கிற வீரியச் சத்து ஒன்று இருக்கிறது. சோர்வை விரட்டும் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். ஆதாரம் எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். நிறையக் கொடுத்த விலங்குகளுக்கு வலிப்பு வந்ததாக லேப் அக்கா படித்திருந்தாள். மனித உடம்பு எதுவரைக்கும் தாங்கும் என்பதை யாரும் உருப்படியாக ஆராய்ந்து எழுதி வைத்ததாக அவளுக்குத் தெரியவில்லை. அதனால் ஆலையே தனக்கு ஒரு வரம்பு வைத்துக்கொண்டது. கேப்சூலுக்கு இரண்டு மில்லிகிராம், அதைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு பேட்சிலும் மாதிரி எடுத்து, கருவியில் ஏற்றி, வரம்புக்குள் இருந்தால் தாளில் கையெழுத்துப் போடுவாள். அவள் கையெழுத்து விழாமல் ஒரு புட்டிகூட வாசலைத் தாண்டாது.

இனி அவள் வீட்டுக்காரர். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் மேசையில் பதினெட்டு வருடம் உட்கார்ந்தவர். ஊசி போனதே தெரியாது, போய் வந்த பிறகுதான் லேசாகச் சுருக்கென்று இருக்கும். அதனால் 'கொசு'. நர்ஸிலிருந்து டாக்டர் வரை எல்லோருக்கும் கொசுதான். "கொசு இருக்கா இன்னிக்கி? அப்ப நான் வரேன்" என்று போன் போட்டுக் கேட்டுவிட்டு வருகிற நோயாளிகள் உண்டு. ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிற ஒரு போலீஸ்காரர்கூட இவரிடம் மட்டும் மீசையைத் தடவிக்கொண்டே கை நீட்டுவார்.

கல்யாணமே அந்த மேசையில் தொடங்கியதுதான். ஆலையில் வேலைக்குச் சேரும் முன் ரத்தப் பரிசோதனைக்காக அவள் போனாள். அவளுக்கு நரம்பு நூலைவிடச் சன்னம், தொட்டால் நழுவும். இரண்டு பேர் குத்திப் பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். மூன்றாவதாகக் கொசு வந்தார்.

"உங்க நரம்பு ஒளிஞ்சு விளையாடுதுங்க."

"சீக்கிரம் குத்துங்க சார், எனக்குத் தலை சுத்துது."

"குத்தி எடுத்தே ஆச்சு. கையை மடக்காம அழுத்திப் பிடிங்க, அஞ்சு நிமிஷம்."

அந்த ஐந்து நிமிடம் இன்னும் முடியவில்லை என்று கொசு போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். கேட்டுக் கேட்டு அவருடைய அம்மாவுக்கே காது புளித்துவிட்டது.

கடைசித் தட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது. கேப்சூல் மெஷினுக்கு மேலே ஒரு கூம்புத் தொட்டி. கலந்த பொடியை அதில் கொட்டினால் கீழே இறங்கித் தட்டில் அடுக்கிய கேப்சூல்களில் நிரம்பும். மெஷின் சூடு பிடிக்கும் முன் வருகிற முதல் தட்டில் எடை சரியாக நிற்காது. தொட்டி காலியாகிற நேரத்துக் கடைசித் தட்டிலும் அப்படித்தான். முதல் தட்டைப் பிரித்துத் திரும்ப உருளையில் போட்டுவிடுவார்கள். கடைசித் தட்டை என்ன செய்வது? தூக்கிப் போட மனசு வராமல், அந்தக் காலத்தில் யாரோ ஆளுக்கொரு காகித உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது. "நல்ல சரக்கு, எடைதான் முன்னப் பின்ன" என்பார் மெஷின்காரர். லேப் அக்காவும் தன் பங்கை வீட்டுக்குக் கொண்டுபோவாள். அவள் ஒன்றையும் வாயில் போட மாட்டாள், நாக்கு கசக்குமாம். கொசுதான் காலை ஐந்தரை மணிக்கு இரண்டை விழுங்கிவிட்டு ஆறு மணி ஷிப்டுக்கு ஓடுவார். வருடக்கணக்காக இப்படித்தான். ஒரு குறையும் வந்ததில்லை.

குறை வந்தது சரக்கு மாறிய பிறகு. முன்பெல்லாம் தண்டை அப்படியே காயவைத்து அரைத்த பொடி, கேப்சூலில் முக்கால்வாசி அதுதான். வேளைக்கு மூன்று போட வேண்டும் என்றதும் வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். முதலாளி யோசித்தார். தண்டை ஊறவைத்து, வடித்து, வற்றவைத்துச் செறிவாக்கிய சாறுப் பொடியை வெளியிலிருந்து வாங்கினார். அதில் ஒரு சிட்டிகை, மிச்சமெல்லாம் மாவு. மூன்று கேப்சூல் ஒன்றானது, வியாபாரம் சூடு பிடித்தது. பொடி மாறியதே தவிர லேப் அக்கா மாதிரி எடுக்கும் முறை மாறவில்லை. மெஷின் நிதானமாக ஓடும் நடுநேரத்தில் இருபது கேப்சூல் எடுப்பாள். பதினொரு வருடமாக எடுப்பது போலவே.

அடுத்த இரண்டாவது மாதம் கொசுவின் கை ஆட ஆரம்பித்தது.

முதலில் யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர் டம்ளரை மேசையில் வைக்கும்போது டொக்கென்று ஒரு சத்தம், சட்டைப் பொத்தான் போட முன்னைவிட நேரம், அவ்வளவுதான். பிறகு ஒருநாள் அந்தப் போலீஸ்காரருக்கே இரண்டு தடவை குத்த வேண்டி வந்தது. மனுஷன் மயங்கிச் சரிந்து, தூக்கிப் படுக்கவைக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். ஆஸ்பத்திரி முழுக்கச் சிரித்தது. கொசுவும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு கைகளையும் விரித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"என்னடா, கையில ரேகை பார்க்கறியா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. ஆடுதான்னு பார்க்கறேன்."

"ஆடினா ஆடட்டும். வேலையைக் குறை, நல்லாத் தூங்கு. உங்கப்பாவுக்கும் வேலைக்கு முன்னாடி இப்படித்தான் கை நடுங்கும்." அவர் அப்பாவுக்கு வேலை என்றாலே நடுக்கம் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அன்று யாருக்கும் அதற்குச் சிரிப்பு வரவில்லை.

நரம்பு டாக்டரிடம் போனார்கள். நடக்கச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், ஒரு தாளில் சுருள் கோடு வரையச் சொன்னார். கோடு பல்லுப் பல்லாக வந்தது. நடுக்குவாதத்தின் ஆரம்பமாகவும் இருக்கலாம், இப்போதே சொல்ல முடியாது, பார்க்கலாம் என்றார். லேப் அக்கா அந்தப் பல்லுக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொசுவுக்கு வயது நாற்பத்தேழு. இந்த மனுஷனிடமிருந்து அந்தக் கையை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

"வேற ஏதாவது மருந்து, மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் இல்லை டாக்டர்" என்றார் கொசு.

"இல்லவே இல்லை. தலைவலிக்குக்கூட மாத்திரை போட மாட்டார்" என்றாள் லேப் அக்கா.

பொய் சொல்ல வேண்டும் என்று இருவருக்கும் எண்ணமில்லை. தினமும் காலையில் விழுங்கும் அந்த இரண்டும் மருந்துக் கணக்கிலேயே சேரவில்லை. செடி, ஆலைச் சரக்கு, வீட்டில் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு காகித உறை. மூலை அறையில் அதை ஆல்கலாய்டு என்று மில்லிகிராமில் அளக்கிறவளுக்கு, வீட்டுக்கு வந்ததும் அது வெறும் உறையாகிவிட்டது. இதை என்னவென்று சொல்வது? டாக்டர் தலையை ஆட்டி, 'வேறு மருந்து இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் குத்துக்கு ஒரு நோட்டு உண்டு. ஒரே ஆளுக்கு இரண்டு தடவை ஊசி போட வேண்டி வந்தால் தேதி போட்டு எழுத வேண்டும். பதினெட்டு வருடத்தில் கொசுவின் பக்கம் பெரும்பாலும் வெள்ளையாகவே இருந்தது. இப்போது பக்கம் நிறைந்துகொண்டு வந்தது. தலைமை நர்ஸ் நல்ல மனுஷி. ஆனாலும் விதியென்று ஒன்று இருக்கிறதே. கொசுவைக் கூப்பிட்டு, அந்தப் பக்கத்தின் நகலைக் கையில் கொடுத்து, ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாய்களுக்கு லேபிள் ஒட்டும் மேசையில் உட்காரவைத்தாள். "கை சரியாகற வரைக்கும்தான்" என்றாள்.

அந்த நகலை ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப் அக்கா எடுத்துப் பார்த்தாள். என்ன தேடுகிறோம் என்று தெரியாமல்தான் பார்த்தாள். எண்களைக் கண்டால் வரிசைப்படுத்தாமல் அவளால் இருக்க முடியாது, வேலை அப்படி. தேதிகளைத் தாளில் வரிசையாக எழுதினாள். தினம் தினம் தப்பவில்லை, கொத்துக் கொத்தாகத் தப்பியிருக்கிறது. ஒரு வாரம் நிறைய, அடுத்த வாரம் கொஞ்சம், பிறகு ஒன்றுமில்லை, மறுபடி ஒரு கொத்து. நடுவில் மூன்று வாரம் முழுக்க வெறுமை. அந்த மூன்று வாரம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கேப்சூல் மெஷினின் பல் சக்கரம் உடைந்து, உதிரி பாகம் வரும்வரை ஆலை சும்மா கிடந்தது அப்போதுதான். அந்த வாரங்களில் கடைசித் தட்டு இல்லை. வீட்டில் உறையும் இல்லை. கொத்து விழுந்ததெல்லாம் புது உறை வந்த வாரங்களில்.

சமையலறைக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவின் பக்கத்தில் இருந்த உறையை எடுத்தாள். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமியார் எட்டிப் பார்த்து, "என்னம்மா, பல்லியா?" என்றாள். லேப் அக்கா அழ ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம் அழுதிருப்பாள். அது பயத்தில் வந்த அழுகை இல்லை, தன்மேலேயே வந்த ஆத்திரம்.

திங்கட்கிழமை காலை மெஷின்காரரிடம் போனாள்.

"அண்ணே, கடைசித் தட்டுன்னு எப்ப முடிவு பண்றீங்க?"

"எப்பன்னா? தொட்டியில பொடி இறங்காம நிக்கும்ல, அப்ப சுத்தியை எடுத்து நாலு தட்டு தட்டுவேன். அதுக்கப்புறம் வர்றதெல்லாம் கடைசித் தட்டு."

"தட்டினா எது விழும்?"

"சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்கறது. இந்தப் புதுப் பொடி நைஸ் பொடி, அக்கா. சனியன், தகரத்தைக் கண்டா விடாது. மாவு முதல்ல இறங்கிடுது, இது ஒட்டிக்குது."

பேச்சு அவ்வளவுதான். பாவம், அந்த மனுஷர் விஷயத்தை அப்படியே உள்ளங்கையில் வைத்துக் கொடுத்துவிட்டார் என்பது அவருக்கே தெரியாது. லேப் அக்கா உறையிலிருந்த கேப்சூல்களை ஒவ்வொன்றாகக் கருவியில் ஏற்றினாள். இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது, பதினொன்று, ஏழு, பதின்மூன்று. கருவி பழுதோ என்று தெரிந்த அளவுள்ள கரைசலைப் போட்டுப் பார்த்தாள். கருவி ஒழுங்காகத்தான் இருந்தது. நடுநேர மாதிரி எப்போதும் போல இரண்டைத் தாண்டவில்லை. அதில் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான், மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோனவளும் அவள்தான்.

அதோடு நிறுத்தியிருந்தால் வீட்டுப் பிரச்சினையாக முடிந்திருக்கும். அவளால் நிறுத்த முடியவில்லை. சாயங்காலம் பேருந்து நிலையத்தருகே மருந்துக் கடைகளில் ஏறி இறங்கி, அதே பேட்சில் ஆறு புட்டி வாங்கி வந்தாள். நாலு புட்டி சரியாக இருந்தது. ஐந்தாவதில் ஆறு மில்லிகிராம். ஆறாவதில் எட்டு.

அன்று வீட்டில் கொசு சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்வரை காத்திருந்து சொன்னாள். எண்களைச் சொன்னாள், மூன்று வார இடைவெளியைச் சொன்னாள், சுத்தியலைச் சொன்னாள். கொசு கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"அப்ப இது நடுக்குவாதம் இல்லையா?"

"இல்லைன்னு சொல்ல மாட்டேன். கேப்சூலா இருக்கலாம்னு சொல்றேன். நிறுத்திட்டுப் பார்க்கணும், டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லணும்."

"நீதான் பார்த்துக் கையெழுத்துப் போடறேன்னு நம்பித்தானே முழுங்கினேன்" என்றார் கொசு. குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. காரணம் சொல்கிறவர் மாதிரி, சாதாரணமாகச் சொன்னார். அவள் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

மறுநாள் முதலாளி அறையில் நடந்ததை ஆலை முழுக்கக் கண்ணாடி வழியே பார்த்தது. முதலாளி கெட்டவர் இல்லை. சிக்கல் என்று வந்தால் முதலில் பூசி மெழுகப் பார்ப்பார், அவ்வளவுதான்.

"கடைசித் தட்டை நாம விக்கறதே இல்லையே அக்கா. இனிமே யாருக்கும் கொடுக்க வேண்டாம், கொட்டிடலாம். முடிஞ்சு போச்சு."

"கடையில வாங்கின ரெண்டு புட்டியிலயும் இருக்கே சார்."

"ஆறுல ரெண்டு."

"ஆறுல ரெண்டுன்னா நூறுல எத்தனைன்னு நீங்களே போட்டுப் பாருங்க. கடைசித் தட்டு அண்ணன் சுத்தியை எடுக்கற நேரத்துலதான் தொடங்குதா? சுவர்ல இருக்கறது அதுக்கு முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா உதிருது."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "இத்தனை பேட்சுலயும் உங்க கையெழுத்து இருக்கு, தெரியுமில்ல? நடு மாதிரி எடுத்தது நானா?"

"நான்தான். பொடி மாறினப்பவே மாதிரி எடுக்கற முறையை மாத்தியிருக்கணும். மாத்தலை. அதையும் எழுதித் தரேன்." சொன்னபடியே எழுதினாள். ஐந்து மாத பேட்ச் எண்கள், அளந்த அளவுகள், தப்பு எங்கே நடந்தது, யாரால் நடந்தது. கடைசியில், இவை எதுவும் விற்பனைக்குத் தகுதியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு பிரதியை முதலாளியிடம் வைத்தாள். இன்னொன்றை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அனுப்புவேன் என்று சொல்லிவிட்டே அனுப்பினாள். முதலாளி இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், அந்த பேட்சுகளைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. கீழே ஒரு தொலைபேசி எண். அந்தப் போனை அவள் மேசையில் கொண்டுவந்து வைத்தார்கள். தண்டனைக்கு வைத்தார்களா, வேறு யாருக்கும் பதில் தெரியாது என்று வைத்தார்களா என்று அவள் கேட்கவில்லை.

போன் ஓயவில்லை. பணம் திரும்ப வருமா என்று கேட்டவர்கள் பாதிப் பேர். "செடிதானேம்மா, செடி என்ன பண்ணும்?" என்று அதட்டியவர்கள் கால்வாசி. "அரளிகூடச் செடிதான் சார்" என்பாள். மீதிப் பேர் தயங்கித் தயங்கிப் பேசினார்கள். படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம். தையல் வேலை செய்யும் ஒரு பெண், இரண்டு மாதமாக ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றாள். டாக்டரிடம் இந்தக் கேப்சூலைப் பற்றிச் சொன்னீர்களா என்று லேப் அக்கா கேட்டாள்.

"இல்லையே. அது மருந்தில்லையேம்மா."

"நாளைக்கே போய்ச் சொல்லுங்க. புட்டியையும் கையோட எடுத்துட்டுப் போங்க."

"சரிம்மா. இதையெல்லாம் அங்க யாரும் பார்க்கவே மாட்டாங்களா?"

"பார்ப்பாங்க. நான்தான் பார்க்கணும்" என்றாள் லேப் அக்கா. அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள்.

கொசு கேப்சூலை நிறுத்தி ஆறு வாரம் ஆனது. டம்ளர் சத்தம் போடுவதை நிறுத்தியது. டாக்டர் மறுபடி சுருள் வரையச் சொன்னார், இந்தத் தடவை கோடு கிட்டத்தட்ட வழவழவென்று வந்தது. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று இருவரையும் நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினார். இருவரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். முழுக்கச் சரியாகிவிடுமா என்றதற்கு, "ஆகும்னு நம்பறேன். இந்தச் சரக்கை இத்தனை நாள் சாப்பிட்டா என்ன ஆகும்னு யாரும் எழுதி வைக்கலை, நானும் உங்களை மாதிரி பார்த்துத்தான் சொல்லணும்" என்றார்.

ஊசி மேசைக்குத் திரும்ப ஒரு தேர்வு இருந்தது. தலைமை நர்ஸ் முன்னால் பத்துப் பேருக்கு ரத்தம் எடுக்க வேண்டும், ஆளுக்கு ஒரே குத்து. எடுத்ததும் அந்த ஆளே ஒரு சீட்டில் எத்தனை குத்து என்று எண் போட்டுக் கையெழுத்திட வேண்டும். தவறினால் இன்னும் மூன்று மாதம் லேபிள் மேசை, பிறகு மறுபடி தேர்வு. கொசு அன்று காலை நகம் வெட்டி, தலை வாரி, கல்யாண மாப்பிள்ளை மாதிரிக் கிளம்பினார். லேப் அக்கா அரை நாள் விடுப்புப் போட்டுக்கொண்டு கூடப் போனாள்.

ஒன்பது பேர் ஆஸ்பத்திரி ஆட்கள். வரிசையாக வந்து கை நீட்டினார்கள். ஒன்று, ஒன்று, ஒன்று என்று ஒன்பது சீட்டு சேர்ந்தது. சமையற்கட்டு ஊழியர் ஒருவர், "முடிஞ்சுதா? எப்ப?" என்று கேட்டதும் எல்லோரும் கைதட்டினார்கள். பழைய கொசு திரும்பி வந்துவிட்டது போலத்தான் இருந்தது. பத்தாவது ஆள் அவசரப் பிரிவிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார், ஆம்புலன்ஸ் வந்துவிட்டதால் வர முடியவில்லை. தலைமை நர்ஸ் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"நீங்க உக்காருங்களேன்" என்றாள் லேப் அக்காவிடம்.

"இவ நரம்பா? வேற ஆளைக் கூப்பிடுங்க சிஸ்டர்" என்றார் கொசு.

"உங்களுக்குத் தெரியாத நரம்பா?" என்று யாரோ சொல்ல, அறையே சிரித்தது. லேப் அக்கா உட்கார்ந்து கையை நீட்டினாள். ரப்பர் பட்டையைக் கட்டினார், விரலால் தடவினார், கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை தடவினார், அதே இடம்தான். பஞ்சால் துடைத்தார். ஊசி தோலைத் தொட்ட அந்த நொடியில் அதன் முனை மயிரிழை அளவு ஆடியது. பார்த்தவர்கள் யாருக்கும் தெரிந்திருக்காது, கை அவளுடையது என்பதால் அவளுக்குத் தெரிந்தது. ரத்தம் வரவில்லை. கொசு ஊசியை உருவி, மூச்சை இழுத்துவிட்டு, புது ஊசி எடுத்து மறுபடி குத்தினார். குழாய் நிறைந்தது.

தலைமை நர்ஸ் சீட்டையும் பேனாவையும் லேப் அக்கா பக்கம் நகர்த்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்க நரம்புக்கு எங்கள்ல யாரா இருந்தாலும் நாலு குத்து ஆகும். ஒண்ணுன்னு போட்டுடுங்க. நான் ஜன்னல் பக்கம் பார்த்துட்டு இருந்தேன்" என்றாள்.

கொசுவின் கண் சீட்டின் மேல் இருந்தது. லேப் அக்காவுக்கும் ஒன்று என்று போடத்தான் ஆசை. பதினெட்டு வருட மேசை, அந்தப் போலீஸ்காரர், ஆறு வாரமாகக் கண்ணாடி முன்னால் கையை நீட்டி நீட்டிப் பார்த்த மனுஷர். ஒரே ஒரு கோடு கிழித்தால் போதும், எல்லாம் திரும்பக் கிடைத்துவிடும்.

அவள் இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தலைமை நர்ஸ் பெருமூச்சு விட்டபடி சீட்டை எடுத்துக்கொண்டாள். கொசு எட்டிப் பார்த்தார்.

"ரெண்டா போட்டே?"

"ரெண்டுதானேங்க."

"ஆமா, ரெண்டுதான்" என்றார். அவள் முழங்கை மடிப்பில் பஞ்சை வைத்து, அவள் விரலை எடுத்து அதன்மேல் வைத்தார். "கையை மடக்காம அழுத்திப் பிடி. அஞ்சு நிமிஷம்."

பிறகு அந்தக் குழாயை எடுத்துக்கொண்டு லேபிள் மேசைக்குப் போய் உட்கார்ந்து, அவள் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டினார்.